ஊசித் துளையால் புகும் மழை
படகு மூடும் படங்குகளை ஒழுகாமல் தைப்பதும் திருத்துவதும்

ஒழுக்கு என்றால் என்ன என்பதை எங்கள் பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2009 ஆம் ஆண்டு செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமின் கூடாரங்களிலும், பின்னர் மீள்குடியேறிய காணிகளில் போட்ட தறப்பாள் கொட்டில்களிலும் எத்தனையோ மழை இரவுகளை விழித்திருந்தே கழித்திருக்கிறோம். எந்த இடத்தில் முதலில் சொட்டும், எந்தச் சட்டியை எங்கே வைக்க வேண்டும், பிள்ளையின் பாயை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குப் பாடம்.

ஆனால் ஒரு விடயத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் துணியின் நடுவால் வரவில்லை. இரண்டு துண்டுகள் சேரும் மூட்டால் வந்தது. கயிறு கட்டிய கண் வளையத்தால் வந்தது. தண்ணீர் தேங்கித் தொய்ந்த இடத்தால் வந்தது. துணி நல்லதாக இருந்தும் மூட்டு கெட்டுப்போனதால் நனைந்தோம்.

மீன்பிடி வள்ளங்களை மூடும் படங்குக்கும் இதே கதைதான். அந்த மூட்டை ஒழுகாமல் செய்வது கற்கக்கூடிய ஒரு கைவேலை. அதைக் கற்ற பெண்ணுக்குத் தையல் மெசின் ஒரு வாழ்வாதாரமாக மாறும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மெசின் இருக்கிறது, வேலை இல்லை

யுத்தம் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு அதிகமாகக் கொடுக்கப்பட்ட உதவிகளில் ஒன்று தையல் மெசின். கூடவே சில மாதத் தையல் பயிற்சியும் கொடுக்கப்பட்டது. உதவி நல்ல நோக்கத்தோடுதான் வந்தது. ஆனால் ஒரு கிராமத்தில் பத்துப் பதினைந்து பேர் ஒரே பயிற்சியைப் பெற்று, எல்லோரும் சட்டையும் பாடசாலைச் சீருடையும் தைக்கத் தொடங்கினால் தைப்பிக்க வருபவர்கள் யார்? பட்டணத்துக் கடைகளில் ஆயத்த உடுப்பு அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நான் கள வேலைக்குப் போகும் வீடுகள் பலவற்றில் மெசின் ஒரு மூலையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கும். சில வீடுகளில் அது அடகுக்குப் போயிருக்கும்.

அதே கிராமத்தின் கரையில் இருபது முப்பது வள்ளங்கள் கிடக்கும். அவற்றை மூடும் படங்குகள் கிழிந்தும் ஒழுகியும் இருக்கும். அவற்றைத் தைக்கப் பட்டணத்துக்குத்தான் கொண்டுபோகிறார்கள். எங்கள் சகோதரிகளின் வீட்டு வாசலில் இருக்கும் வேலை எங்கோ போய்விடுகிறது. கேட்டால், "அது ஆம்பிளையளின்ர வேலை" என்பார்கள். ஊசியும் நூலும் துணியும் சேர்ந்த வேலை எப்போதிருந்து ஆண்களின் வேலையானது?

வள்ளத்துக்கு ஏன் படங்கு?

முன்னைய காலத்துக் கட்டுமரத்துக்கு மூடு தேவைப்படவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் எங்கள் கரைகளுக்குப் பெருந்தொகையாக வந்த பைபர் வள்ளங்கள் திறந்த தொட்டி போன்றவை. பதினெட்டு அடி வள்ளமொன்றின் திறந்த பரப்பு ஏறக்குறைய 8 சதுர மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்யும்போது உள்ளே 800 லீற்றர் தண்ணீர் சேரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அப்படியான மழை எங்களுக்குப் புதிதல்ல. 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசம்பரில் புரேவி புயலும் எவ்வளவு மழையைக் கொட்டின என்பது நினைவிருக்கும்.

தண்ணீரை இறைத்து ஊற்றலாம். ஆனால் வலை, எஞ்சின், எண்ணெய்க் கலன் ஆகியவை நனைந்தால் என்ன செய்வது? எண்ணெயில் தண்ணீர் கலந்தால் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிடும். அது பணநட்டத்தோடு முடியாது, உயிருக்கே ஆபத்து. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது கடற்றொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாடு தெரியும். அந்தக் காலத்திலிருந்து, இருப்பதைக் கெடாமல் காப்பாற்றும் எண்ணம் எல்லோரிடமும் கூடியிருக்கிறது. ஒழுகாத படங்குக்குக் காசு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒழுகும் படங்குக்குத்தான் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

ஒரு சகோதரியின் அனுபவம்

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றில் வசிக்கும் ஒரு சகோதரி. இறுதி யுத்தத்தில் கணவர் காணாமல் போனார். இரண்டு பிள்ளைகள். பயிற்சி முடித்து மெசினும் பெற்றவர். ஊர்ச் சம்மாட்டி ஒருவர் லொறிப் படங்குத் துணியைக் கொண்டுவந்து கொடுத்து, வள்ளத்துக்கு ஒரு மூடு தைத்துத் தரும்படி கேட்டார். அரைவாசிக் கூலியை முற்பணமாகவும் கொடுத்தார். சகோதரி தமக்குத் தெரிந்தபடி சட்டை தைக்கும் நூலால், நெருக்கமான சின்னத் தையலாக, அழகாகத் தைத்துக் கொடுத்தார்.

முதல் மழைக்கே சம்மாட்டி படங்கோடு திரும்பி வந்தார். "தங்கச்சி, உள்ளுக்கை முழுக்கத் தண்ணி. துணியாலை இல்லை, நீ தைச்ச வரியாலைதான் வந்திருக்கு" என்றார். சகோதரிக்கு எதுவும் விளங்கவில்லை. "அண்ணை, நான் ரெண்டு வரி போட்டுத்தானே தைச்சனான்" என்றார். மீதிக் கூலி கிடைக்கவில்லை. அதைவிட, "பொம்பிளையளிட்டைக் குடுத்தால் இப்பிடித்தான்" என்று கரையில் பரவிய பேச்சுத்தான் அவரை அதிகம் நோகடித்தது.

அவரில் குறை என்ன? நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று அவருக்குப் படிப்பித்திருந்தார்கள். சட்டைக்கு அது சரி. படங்குக்கு அது பிழை. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பின்னர் முச்சக்கரவண்டிக்குக் கூடு தைக்கும் ஒரு வயோதிபரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றார். அதே படங்கைத் திருப்பி வாங்கி, மூட்டின் மேல் அதே துணியில் ஒரு பட்டி வைத்து ஒட்டி, ஓரங்களை அடைத்துக் கொடுத்தார். அந்தக் கார்த்திகை மழைக்கு அது தாக்குப்பிடித்தது. மீதிக் கூலியும் வந்தது. இப்போது ஒவ்வொரு வருடமும் மாரி தொடங்கும் முன் அவருக்குப் படங்கு வேலை வருகிறது. மற்ற மாதங்களில் சட்டை தைக்கிறார். பெரிய பணக்காரியாகவில்லை. ஆனால் பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்குக் கடன் வாங்குவதில்லை என்கிறார்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது?

இருபது அடி நீளமான ஒரு மூட்டை எடுத்துக்கொள்வோம். அது 240 அங்குலம். அங்குலத்துக்கு 12 தையல் வீதம் தைத்தால் 2,880 துளைகள். இரண்டு வரி போட்டால் 5,760. அங்குலத்துக்கு 8 தையல் என்றால் இரண்டு வரிக்கும் சேர்த்து 3,840. நல்ல துணியில் இத்தனை துளைகளைப் போடுவது நாங்கள்தான். தபால் முத்திரையின் ஓரத்தைப் பாருங்கள். துளைகள் நெருங்க நெருங்க அந்த இடம் கிழிவதற்கும் ஆயத்தமாகிறது.

துளையால் வரும் தண்ணீர் அந்த இடத்திலேயே சொட்டுவதில்லை. நூல் வழியாக ஊர்ந்து, மூட்டு வழியாக ஓடி, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்தில் அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அங்கிருந்து மேல்நோக்கித் தேடிப் போக வேண்டும்.

முதலில் துணியை அறியுங்கள்

எல்லாப் படங்கும் ஒன்றல்ல. துணிக்கு ஏற்பத்தான் மருந்து.

பருத்திக் கன்வஸ்: ஒரு துளி தண்ணீர் விட்டால் மெல்ல மெல்ல ஊறும். நனையும்போது பருத்தி இழை பருத்து, ஊசித் துளை தானாகவே ஓரளவு மூடிக்கொள்ளும். அதனால்தான் புதுக் கன்வஸ் முதல் மழைக்கு ஒழுகி, பின்னர் திருந்துகிறது. தைத்து முடிந்ததும் இரண்டு மூன்று தடவை நன்றாக நனைத்துக் காயவிட்டுக் கொடுப்பது நல்லது. பருத்தியின் எதிரி பூஞ்சணம். ஈரத்தோடு மடித்து வைத்தால் உக்கிவிடும்.

பிளாஸ்ரிக் பூசிய துணி: லொறிப் படங்கும் முச்சக்கரவண்டிக் கூடும் இந்த வகை. தண்ணீர் ஊறாமல் உருண்டு ஓடும். இந்தத் துணி பருக்காது. ஆகவே ஒரு தடவை போட்ட துளை என்றைக்கும் துளைதான். பிரித்துத் தைத்தால் பழைய துளையும் புதுத் துளையும் சேர்ந்து ஒழுகும். இந்தத் துணிக்கு மூட்டை அடைப்பது கட்டாயம்.

பொலித்தீன் தறப்பாள்: நிவாரணமாகக் கிடைத்த 4 மீற்றருக்கு 5 மீற்றர் தறப்பாள்களும், கடையில் விற்கும் நீலப் படங்குகளும் இந்த வகை. இதைத் தைக்கவே கூடாது. பசையும் இதில் சரியாகப் பிடிக்காது. இரண்டு துண்டைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒரு தடியில் சுருட்டிக் கட்டுங்கள். வெயிலில் இதன் ஆயுள் குறைவு என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

என்ன துணி என்று அறிய ஒரு துண்டை எரித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். பிளாஸ்ரிக் பூசிய துணியின் புகை நஞ்சு.

ஒழுகாதபடி தைப்பது எப்படி?

ஊசி: கன்வஸுக்கு 16 ஆம் அல்லது 18 ஆம் இலக்க ஊசி. நூலுக்குத் தேவையானதைவிடப் பெரிய ஊசி வேண்டாம். துளை பெரிதானால் ஒழுக்கும் பெரிது. வளைந்த, முனை மழுங்கிய ஊசி துணியைக் கிழித்துக்கொண்டு போகும். ஊசியின் விலையைப் பார்த்துப் படங்கைக் கெடுக்காதீர்கள்.

நூல்: சட்டை நூல் வெயிலுக்கும் உப்புக்கும் நிற்காது. தடித்த பொலியெஸ்டர் நூல் வாங்குங்கள். நைலோன் நூல் பலமானது, ஆனால் நனைந்தால் நீளும், வெயிலில் பொலியெஸ்டரைவிட விரைவில் கெடும். தனிப் பருத்தி நூல் துளையை நன்றாக அடைக்கும், ஆனால் உக்கும். கையால் தைக்கும்போது நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் ஒரு தடவை இழுத்துவிட்டுத் தையுங்கள். மெசினில் மெழுகு நூல் போடாதீர்கள், அது சிக்கும்.

தையல் நீளம்: அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் போதும். கால்மிதி மெசினில் ஆறுதலாகத் தையுங்கள். தடித்த இடம் வந்தால் கையால் சில்லைச் சுற்றுங்கள்.

மூட்டு: ஜீன்ஸ் களிசானின் பக்கத் தையலைப் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒன்றையொன்று கவ்வி மடிந்து, மேலே இரண்டு வரி ஓடும். படங்குக்கும் அந்த மூட்டே சிறந்தது. வெட்டிய ஓரம் வெளியே தெரியாது, தண்ணீர் நேராக உள்ளே போகாது.

மடிப்பின் திசை: இதை எங்கள் அம்மம்மாக்கள் கிடுகு வேய்ந்த முறையிலிருந்தே கற்கலாம். மேல் கிடுகு கீழ்க் கிடுகின்மேல் படிய வேண்டும். மாறி வேய்ந்தால் வீடு முழுக்க ஒழுக்கு. படங்கிலும் மடிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்னரே வள்ளத்தின் முன்பக்கம் எது, உயரம் எது என்று பார்த்துச் சோக்கால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தவரை நட்டநடுவில் மூட்டு வராமல் துணியைப் பங்கிடுங்கள்.

தொய்வு: நல்ல மூட்டையும் தேங்கிய தண்ணீர் வென்றுவிடும். ஒரு சதுர மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் பாரம் 10 கிலோ. ஆகவே வள்ளத்தின் நீளத்துக்கு நடுவே ஒரு மூங்கிலோ குழாயோ உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். அதன் முனைகளும் வள்ளத்தின் மூலைகளும் படங்கில் உரசும் இடங்களுக்குப் பழைய ரியூப் துண்டை அல்லது இரட்டைத் துணியை வைத்துத் தையுங்கள். கண் வளையங்களைத் தண்ணீர் ஓடும் பாதையில் அடிக்காமல், தொங்கும் கீழ் ஓரத்தில் அடியுங்கள்.

ஒழுகும் பழைய படங்கைத் திருத்துவது

புதிதாகத் தைக்கும் வேலையைவிடத் திருத்த வேலையே அதிகம் வரும். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

1. பாருங்கள். நல்ல வெயிலில் இருவர் படங்கைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் அடியில் நின்று பார்க்க வேண்டும். துளைகளால் வெளிச்சம் தெரியும். பின்னர் மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, கசியும் இடங்களைச் சோக்கால் குறியுங்கள். மூட்டில் சொட்டாமல் அடிப்பக்கம் முழுவதும் பனித்திருந்தால் அது ஒழுக்கல்ல. உள்ளே அடைபட்ட ஈரக்காற்று இரவுக் குளிரில் நீராகிறது. அதற்கு மருந்து காற்றோட்டம். முன்னும் பின்னும் சிறு வாய் விடச் சொல்லுங்கள்.

2. கழுவுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உப்பிருக்கும் துணி முழுமையாகக் காயாது, அதன்மேல் எதுவும் ஒட்டாது. நல்ல தண்ணீரும் சாதாரண சவர்க்காரமும் மென்மையான தூரிகையும் போதும். சலவைத்தூள் வேண்டாம், அதன் மிச்சம் துணியில் நின்று தண்ணீரை வரவேற்கும். கழுவிய பின் பலமுறை அலசி, முற்றாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தின்மேல் அடைத்தால் வேலை வீண்.

3. நூலைச் சோதியுங்கள். நகத்தால் கிளப்பிப் பாருங்கள். அறுந்தால் நூல் செத்துவிட்டது. செத்த நூலுக்கு மேல் எதைப் பூசினாலும் பயனில்லை. பழைய துளைகளுக்குள்ளேயே புது நூலால் திரும்பத் தையுங்கள். புதுத் துளை போடாதீர்கள்.

4. அடையுங்கள்.
பருத்திக் கன்வஸுக்கு மெழுகு. தனி மெழுகுதிரி மெழுகு வெடித்து உதிரும். தேன்மெழுகும் சேர்ந்தால் வளைந்து கொடுக்கும். இரண்டையும் சேர்த்து உருக்க விரும்பினால் மெழுகுப் பேணியைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள், நேராக நெருப்பில் வைக்கக் கூடாது. ஆறி உறைந்த கட்டியை, வெயிலில் சூடேறிய மூட்டின்மேல் அழுத்தித் தேயுங்கள். மின்னழுத்தி இருந்தால் மண்ணிறக் கடதாசியை வைத்துக் குறைந்த சூட்டில் ஒரு தடவை ஓட்டுங்கள், மெழுகு துளைக்குள் இறங்கும்.
பிளாஸ்ரிக் பூசிய துணிக்கு, காய்ந்த பின்னும் இறப்பர் போல வளையும் மூட்டடைப்புப் பசை. ஊசியில்லாத சிறிஞ்சால் தையல் வரியின்மேல் மெல்லிதாக விட்டு, பழைய பல்தூரிகையால் துளைகளுக்குள் தேயுங்கள். தடிப்பாக ஒரு தடவை பூசுவதைவிட, மெல்லிதாக இரண்டு தடவை பூசுவது நல்லது. பழுது பெரிதானால் கூடு தைப்பவர்கள் பாவிக்கும் பசையால் அதே துணியில் ஒரு பட்டி ஒட்டி, பட்டியின் ஓரத்தையும் அடையுங்கள். தண்ணீர்க் குழாய் ஒட்டும் பசை வேண்டாம், அது இறுகி வெடிக்கும். சிலிக்கோன் பூசினால் பிறகு அந்த இடத்தில் சிலிக்கோனைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது. ஆகவே முதலில் எது பூசப்பட்டிருக்கிறது என்று கேட்டறியுங்கள்.

5. ஆறவிடுங்கள். பசைக் குழாயில் சொல்லப்பட்ட நேரம் முழுவதும் காயட்டும். காய்ந்தபின் மூட்டின்மேல் முகப்பவுடரைத் தூவுங்கள். மடிக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாது.

6. மீண்டும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முடிந்தால் வாடிக்கையாளர் முன்னிலையிலேயே செய்யுங்கள். வாய்ப்பேச்சைவிட அந்த ஒரு வாளித் தண்ணீர் உங்களுக்காக அதிகம் பேசும்.

கவனத்தில் வையுங்கள்

மெழுகு ஊறிய துணி விரைவில் தீப்பிடிக்கும். அத்தகைய படங்கை அடுப்பு, குப்பிவிளக்கு உள்ள கொட்டிலுக்குக் கூரையாகப் போடாதீர்கள். மெழுகைக் கரைக்கப் பெற்றோலோ மண்ணெண்ணெயோ சேர்க்க வேண்டாம். எஞ்சினில் இருந்து வடித்த பழைய ஓயிலைப் பூசுவோரும் உண்டு. அதில் மணல் ஒட்டும், வலை கெடும், தீயும் பற்றும்.

பசை வேலையைத் திறந்த வெளியில், காற்று வரும் பக்கம் நின்று செய்யுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அந்த வேலையை மற்றவரிடம் விடுங்கள். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

படங்கைத் திருப்பிக் கொடுக்கும்போது பராமரிப்பையும் சொல்லுங்கள். காய்ந்த பின்னரே எடுத்து வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவையாவது நல்ல தண்ணீரால் உப்புக் கழுவ வேண்டும்.

உழைப்புக்கு விலை

எங்கள் பெண்கள் அதிகம் தடுமாறுவது கூலி கேட்கும் இடத்தில்தான். "தாறதைத் தாங்கோ" என்று சொல்லிவிடுவார்கள். அடக்கம் என்று இதைச் சொல்வார்கள், ஆனால் நட்டம் எங்களுக்கே.

மூட்டை அடிக் கணக்கில் அளந்து விலை சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். உதாரணமாக ஒரு மூடுக்கு மொத்தம் 60 அடி மூட்டு இருக்கிறது. தைக்க 5 மணித்தியாலம், அடைக்க 3 மணித்தியாலம், சோதிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தால் மொத்தம் 9 மணித்தியாலம். அது ஒரு முழு நாட்கூலிக்கும் அதிகமான வேலை. உங்கள் ஊரில் ஒரு மேசன் தொழிலாளிக்கு ஒரு நாளுக்கு என்ன கொடுக்கிறார்களோ அதை அளவாக எடுங்கள். பெண்ணுக்கு என்று வழக்கமாகக் கொடுக்கும் குறைந்த கூலியை அளவாக எடுக்காதீர்கள். அதோடு நூல், ஊசி, பசை, மெழுகு, மெசின் தேய்மானம் ஆகியவற்றைக் கூட்டி, 60 ஆல் பிரித்தால் ஓர் அடிக்கு என்ன விலை என்று வரும். 2022 நெருக்கடிக்குப் பின்னர் மூலப்பொருட்களின் விலை நிலையாக இருந்ததில்லை. ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

வேலையைத் தொடங்குவதற்கென்று வட்டிக்குக் கடன் எடுக்க வேண்டாம். துணியை வாடிக்கையாளரே வாங்கித் தரட்டும். நீங்கள் நூலும் பசையும் மட்டும் வாங்குங்கள். நுண்கடன் எங்கள் கிராமங்களில் எத்தனை வீடுகளைக் கலைத்தது என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

தனியாக முடியாதவர்கள் மூன்று நான்கு பேராகச் சேருங்கள். படங்கு பாரமானது, ஒருவர் தள்ள ஒருவர் இழுக்க வேண்டும். ஒருவர் அளக்கவும் வெட்டவும், ஒருவர் தைக்கவும், ஒருவர் அடைக்கவும் செய்தால் வேலை விரைவில் முடியும். மாதர் சங்கத்தில் பேசிப் பசையை மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். வள்ள வேலை மாரிக்கு முன்னர்தான் கூடுதலாக வரும். சோளகக் காலத்தில் முச்சக்கரவண்டிக் கூடு, உழவு இயந்திரப் பெட்டியின் படங்கு, நெல் மூடும் படங்கு என்று தேடிப் போகலாம். மூட்டு எங்கும் மூட்டுத்தான்.

இது எங்களுக்குப் புதிய அறிவல்ல

நைலோன் வலை வருமுன்னர், பருத்தி வலை உக்காமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாறு ஊட்டுவது இலங்கைக் கரையோரங்களின் பழைய வழக்கம். வள்ளத்தின் பொருத்துகளை அடைக்கவும் அந்தச் சாறு உதவியது. வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணி என்ற ஊர்ப் பெயரில் அந்த மரத்தின் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. பாய்மரக் காலத்தில் துணியின் மூட்டுத் தையலை நம்பித்தான் மனிதர் சமுத்திரங்களைக் கடந்தார்கள். இடப்பெயர்வுகளில் நாம் இழந்தவற்றில் இத்தகைய கைவேலை அறிவும் அடங்கும். வீட்டை இழந்தவர்களுக்கு வீட்டுத்திட்டம் வந்தது. இழந்த அறிவுக்குத் திட்டம் எதுவும் வரவில்லை. அதை ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுத்தான் மீட்க வேண்டும்.

பயிற்சி நடத்தும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. மெசினைக் கொடுத்துவிட்டுப் படம் எடுப்பதோடு உங்கள் கடமை முடிவதில்லை. அந்தக் கிராமத்தில் என்ன தேவை இருக்கிறது என்று முதலில் கரைக்கும் வயலுக்கும் போய்ப் பாருங்கள். கரையோரக் கிராமத்தில் தையல் பயிற்சி கொடுத்தால் படங்குத் துணியையும் 18 ஆம் இலக்க ஊசியையும் மூட்டடைப்பையும் பாடத்தில் சேருங்கள். மேலதிகமாக ஒரு வாரம் போதும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய படங்கு கிடக்கும். வாடிக்கையாளர் வரும்வரை காத்திராமல், இந்த மாரிக்கு முன்னர் அதை வெயிலில் விரித்து, தூக்கிப் பிடித்து, வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். அந்தத் துளைகளை அடைத்துப் பழகுங்கள். முதல் வாளித் தண்ணீருக்கு உங்கள் மூட்டு ஒழுகாமல் நின்றால், அடுத்த படங்குக்குக் கூலி கேட்க உங்களுக்குத் தயக்கம் இருக்காது.